தரையில் சொட்டாத எண்ணெய்

தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. என் சந்தேகத்துக்கு அதுதான் முதல் சாட்சி.

எங்களிடம் ஒரு குட்டி லோடர் இருக்கிறது. முன்னால் பக்கெட் வைத்து, நின்ற இடத்திலேயே சுற்றித் திரும்பும் வண்டி. பெரிய பொக்லைன் நுழைய முடியாத டவுன் தெருக்களில் பழைய வீடு இடித்தால், கல்லும் காரையும் அள்ள அதைத்தான் கூப்பிடுவார்கள். வண்டி என் பேரில்தான் இருக்கிறது. என் வீட்டுக்காரர் பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர், காலையில் காபியும் பேப்பரும் போதும் அவருக்கு. எனக்குச் சும்மா இருக்க வராது. உழவர்கரையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற காலி மனையில் வண்டியை நிறுத்தி, வேலை பேசி, ஆளை அனுப்பி, எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன்.

ஆள் என்றால் ஒரே ஆள்தான், ஆபரேட்டர். வைத்திக்குப்பத்தில் கடலுக்குப் போகிற குடும்பம். இவனுக்கு மட்டும் படகில் ஏறினால் குடலைப் புரட்டும். அண்ணன் தம்பியெல்லாம் கேலி செய்ததில் கரையோடு நின்று லோடர் பழகிக்கொண்டான். எங்களிடம் ஆறு வருஷமாக இருந்தான். கடப்பைக் கல் பதித்த தாழ்வாரத்தில் வண்டியை ஏற்றி, ஒரு கல்லில்கூடக் கீறல் விழாமல் இறக்கிவிடுவான். அப்படிப்பட்டவனைத்தான் நான் திருடன் என்று முடிவு கட்டினேன்.

நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. கேஸ் சிலிண்டர் வந்தால் எடை போட்டுத்தான் வாங்குவேன். கல்யாணப் பத்திரிகை வந்தால், இவ்வளவு அவசரமாக ஏன் வைக்கிறார்கள் என்று யோசிப்பேன். “நீ மட்டும் பாரிஸ்ல பொறந்திருந்தா இந்நேரம் போலீஸ் கொமிசேர் ஆயிருப்ப” என்பார் வீட்டுக்காரர். கிண்டல்தான், ஆனால் எனக்கு அது பிடிக்கும்.

அந்தக் கோடையில் வண்டியின் ஹைட்ராலிக் எண்ணெய் குறைய ஆரம்பித்தது. பக்கெட்டைத் தூக்குவது, கவிழ்ப்பது, சக்கரத்தை உருட்டுவது எல்லாம் அந்த எண்ணெயின் அழுத்தத்தில்தான் நடக்கும். டேங்கின் பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடி உண்டு, எண்ணெய் எங்கே நிற்கிறது என்று அதில் பார்க்கலாம். தினமும் சாயங்காலம் வண்டி வந்ததும் அந்தக் கண்ணாடியையும், எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டரையும் பார்த்து, மீட்டர் எண்ணைத் தினசரிக் காலண்டர் தாளில் குறித்துவைப்பது என் வழக்கம். முதல் வாரம் ஒரு லிட்டர் ஊற்றினோம். அடுத்த வாரம் மூன்று. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் கேனைத் திறக்க வேண்டியதாயிற்று.

கசிவு என்றால் தரையில் தெரிய வேண்டும் அல்லவா? வண்டிக்கு அடியில் பழைய பேப்பர்களை விரித்து வைத்தேன். காலையில் எடுத்துப் பார்த்தால் காய்ந்த பேப்பர்தான், ஒரு புள்ளிகூட இல்லை. வேலை நடந்த இடத்துக்கே போய் இடிபாட்டுக்கு நடுவில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்து பார்த்தேன். அங்கேயும் இல்லை. தரைக்குப் போகாத எண்ணெய் எங்கே போகும்? கேனில்தான் போகும். அவன் அண்ணனிடம் படகு வேறு இருக்கிறது.

“படகுக்கு எதுக்கு ஹைட்ராலிக் ஆயிலு?” என்று கேட்டார் வீட்டுக்காரர்.

அதை நான் யோசித்திருக்கவில்லை. “வித்திருப்பான்” என்றேன்.

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்” என்றார் பேப்பரை மடிக்காமலே.

சனிக்கிழமை சாயங்காலம் அவன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியதும் பிடித்துக்கொண்டேன். அவன் வழக்கம்போலக் கையைத் துடைத்துக்கொண்டே, “எங்கியோ லீக்கும்மா. வெயிட்டோட பக்கெட்ட ஏத்தறப்ப திக்குது. மெக்கானிக்கக் கூப்புட்டு ஒருவாட்டி காட்டிடலாம்” என்றான். பத்து நாளாக இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

“லீக்குன்னா கீழ ஊத்தணுமில்ல? எண்ணெய் இன்னா காத்துலயா பறக்குது?”

“தெரியலம்மா.”

“உனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?”

அவன் கை துடைப்பதை நிறுத்தினான். “நான் எடுத்துட்டேன்னு சொல்றீங்களா?”

“நான் அப்படிச் சொன்னேனா?”

“சொல்லல. பாக்கறீங்க.”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. உண்மையைச் சொல்லிவிட்டான் என்பதால் வந்த கோபம் என்று இப்போது தெரிகிறது. “திங்கக்கெழமைக்குள்ள எண்ணெய் எங்க போவுதுன்னு எனக்குக் காட்டு. இல்லன்னா சாவியக் குடுத்துட்டு வேற எடம் பாத்துக்க” என்றேன்.

“குப்பத்துல எம் பேரு கெட்டுடும்மா. திருடிட்டு வந்தான்னு சொல்வாங்க” என்றான். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் கடலூரில் ஒரு கல்யாணம். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பினோம். திங்கட்கிழமை விடிந்ததும் முதல் வேலையாக வண்டியிடம் போனேன். மீட்டரைப் பார்த்தால், சனிக்கிழமை குறித்த எண்ணைவிட முக்கால் மணி நேரம் கூடுதலாக ஓடியிருந்தது. பக்கெட் தூக்கும் லீவரில் நீல நிற வலைக் கயிறு ஒன்று முடிச்சோடு தொங்கியது. மீன்பிடிக்கிறவர்கள் போடும் முடிச்சு.

கையும் களவுமாக அகப்பட்டுவிட்டான் என்று உள்ளுக்குள் ஒரு குதூகலம் வந்தது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். நாங்கள் ஊரில் இல்லாத நாளில் வண்டியை எடுத்துக்கொண்டு சொந்த வேலைக்குப் போயிருக்கிறான், எண்ணெய் மட்டுமல்ல, வண்டியையே களவாண்டிருக்கிறான்! கேட் பக்கம் போய்ச் சக்கரத் தடம் தேடினேன். சனிக்கிழமை வந்த தடம் மட்டும்தான் இருந்தது. போன தடம் இல்லை. சரி, அழித்துவிட்டான் என்று அதற்கும் ஒரு பதில் வைத்துக்கொண்டேன்.

எட்டு மணிக்கு வர வேண்டியவன் ஒன்பதரைக்கு வந்தான். இடது கை ஆள்காட்டி விரலில் மஞ்சள் தடவிய துணிக்கட்டு. கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தான்.

“கையில இன்னா?”

“கெளுத்தி முள்ளு குத்திடுச்சும்மா. நேத்து மீன் ஆயறப்ப.”

அவன் மனைவி மீன் விற்கிறவள். கத்தியை எடுத்தால் கூடை மீனை ஆய்ந்து முடித்துத்தான் கீழே வைப்பாள். அவள் வீட்டில் இருக்க, மீன் வாடை பட்டாலே முகம் சுளிக்கிற இவன் எதற்காக மீன் ஆய்ந்தான்? இது பொய் என்று எனக்கு அந்த நிமிஷமே பட்டது. வேறு எங்கோ திருட்டு வேலையில் கையை நசுக்கிக்கொண்டிருக்கிறான் என்று கதையை முடித்துக்கொண்டேன்.

“நேத்து வண்டிய எடுத்தியா?”

“இங்கியே வச்சுதாம்மா ஸ்டார்ட் பண்ணேன். லீக்கு தேடிப் பாத்தேன்.”

“கெடச்சுதா?”

“பின்னாடி ஓஸ் பக்கமா ஈரமா இருக்கு. எங்கேந்து வருதுன்னு புடிபடல.”

“ஞாயித்துக்கெழமையில வந்து தேடினியாம், கெடைக்கலியாம். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கப் பாக்கறியா? சாவிய வச்சிட்டுப் போ.”

அவன் சாவியைச் சுவரின் மேல் வைத்துவிட்டு நடந்தான். நடையில் ஒரு தள்ளாட்டம் இருந்தது, முகம் வெளிறியிருந்தது. அதையும் பார்த்தேன். நடிப்பு என்று சொல்லிக்கொண்டேன்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. வண்டியில் கசிவே இல்லை என்று ஒரு மெக்கானிக் வாயால் கேட்டால்தான் எனக்குத் திருப்தி. அதற்காகவே விழுப்புரம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கை வரச்சொன்னேன். மெக்கானிக்குகள்மீதும் எனக்கு நம்பிக்கை கிடையாது. பழைய வாஷரைக் காட்டிப் புதிதுக்குப் பணம் வாங்குகிற ஜாதி என்று எண்ணம். அதனால் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். எண்ணெய் களவு போன கதையை அவரிடமும் சொன்னேன். அவர் வண்டிக்கு அடியில் நுழைந்தார்.

இந்த வண்டியின் வயிற்றுக்கு அடியில், கல்லு மண்ணு படாமல் இருக்க ஒரு கனமான இரும்புத் தட்டு உண்டு. அதன் போல்ட்டுகளைக் கழற்றி, ஜாக்கி வைத்து மெதுவாக இறக்கினார். தட்டு நிறையக் கறுப்புச் சகதி. செங்கல் தூளும் சுண்ணாம்புக் காரையும் மாதக்கணக்கில் உள்ளே விழுந்து, விழுந்த எண்ணெயையெல்லாம் பஞ்சுபோலக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தன. கரண்டியால் வழித்து இரண்டு அன்னக்கூடை எடுத்தார். அள்ள அள்ள எண்ணெய் வடிந்தது.

“இந்தாங்கம்மா உங்க திருடன்” என்றார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை. “இவ்ளோதானா? நாங்க ஊத்தினது இன்னும் ஜாஸ்தியாச்சே” என்றேன். அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

அடுத்து, எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். டீசலும் பிரஷ்ஷுமாக ஓஸ் குழாய்களையெல்லாம் தேய்த்துக் கழுவி, காற்றடித்துக் காயவைத்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு, “பக்கெட் நெறைய கல்லு இருக்குது. யாராச்சும் சீட்ல ஒக்காந்து லீவரப் புடிச்சிக்கிட்டிருக்கணும். ஆபரேட்டரு இல்லியா?” என்றார். நான்தான் அனுப்பிவிட்டேனே. வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி. கடைசியில் அறுபத்திரண்டு வயதில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நானே ஏறி உட்கார்ந்தேன். வண்டி என் பேரில் வந்து அத்தனை வருஷத்தில் அந்த இருக்கையில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

அவர் சொன்னபடி லீவரை இழுத்துப் பிடித்தேன். பக்கெட் மேலே போய் முட்டி நின்றது, இன்ஜின் உறுமியது. அவர் என் பழைய காலண்டர் அட்டையை ஒரு நீளக் குச்சியில் கட்டி, பின்பக்கத் தூணை ஒட்டிப் போகிற குழாயோடு மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் அட்டையில் ஊசியால் கோடு கிழித்தாற்போல ஒரு ஈரக் கோடு விழுந்தது. “நிறுத்துங்க, நிறுத்துங்க!” என்று கத்தினார்.

குழாயைப் பிடித்துவைக்கிற கிளாம்பு எப்போதோ உடைந்து விழுந்திருக்கிறது. குழாய் இரும்பில் உரசி உரசித் தேய்ந்து, கண்ணுக்கே தெரியாத ஓர் ஓட்டை. சும்மா நிற்கும்போது ஒன்றும் வராது. வெயிட்டோடு பக்கெட் ஏறும்போது மட்டும் புகைபோலப் பீச்சியடிக்கும். கொஞ்சம் அடித்தட்டில் விழும், கொஞ்சம் காற்றோடு போகும். எண்ணெய் காற்றில் பறக்கிறதா என்று நான் கேட்டேனே, பறக்கத்தான் செய்திருக்கிறது.

“இதுக்கு எதுக்கு அட்ட, குச்சியெல்லாம்? கையால தடவிப் பாத்தா தெரியாதா?” என்று இருக்கையிலிருந்தபடியே கேட்டேன்.

“கையால தடவினா கை போயிடும்மா” என்றார் அவர். “இந்த வேகத்துல எண்ணெய் ஊசி மாதிரி தோலுக்குள்ள பூந்துடும். வெளிய பாத்தா சின்னப் புள்ளிதான். அப்ப வலிகூடப் பெருசா இருக்காது. உள்ள போய் சதைய அழுக வச்சிடும். எங்க தொழில்ல வெரலு போனவங்கள நான் பாத்திருக்கறேன். யாராச்சும் தொட்டுப் பாத்தாங்களா இன்னா?”

முக்கால் மணி நேரம். வலைக் கயிறு. விரல் கட்டு. ஆள் துணை இல்லாமல், மனையில் கிடந்த கல்லைப் பக்கெட்டில் நிரப்பி, லீவரைக் கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டு இறங்கி, அந்தக் குழாயை விரலால் தடவிக்கொண்டே போயிருக்கிறான். திங்கட்கிழமைக்குள் காட்டு என்று நான் சொன்னதால்.

போன் அடித்தேன், எடுக்கவில்லை. வீட்டுக்காரர் முழங்கால் வலியை மறந்து காரை எடுத்தார். மணி இரண்டு. வைத்திக்குப்பத்தில் அவன் வீட்டு வாசலில் அவன் மனைவி அடுப்பில் தவிட்டை வறுத்துத் துணியில் கட்டிக்கொண்டிருந்தாள். கெளுத்தி குத்தினால் சூடு வைப்பார்கள், விஷம் இறங்கும். அந்த முறைப்படி நேற்று ராத்திரியிலிருந்து விரலுக்குச் சூடு வைத்திருக்கிறாள். உள்ளே அவன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். விரல் வெள்ளரிப் பிஞ்சுபோல வீங்கி, நுனி வெளுத்து, உள்ளங்கை வரை கல்லாக இறுகியிருந்தது. நுனியில் ஒரு சின்னப் புள்ளி.

“கெளுத்தி இல்லதான?” என்றேன்.

ஆமாம் என்று அவன் தலையை ஆட்டினான்.

அவன் மனைவி தவிட்டு முடிச்சைக் கீழே போட்டுவிட்டாள். “எனக்கு அப்பவே சந்தேகம்தாம்மா. கெளுத்தி குத்தினா அந்த நிமிசமே உயிரு போயி உயிரு வரும். இவரு மத்தியானம் நல்லா சோறு துன்னுட்டு, சாயங்காலந்தான் கத்தறாரு. குடிச்சிட்டு எங்கியோ வுழுந்துட்டு வந்து மழுப்பறாருன்னு நெனச்சேன்” என்று அழுதாள். அவளும் நம்பவில்லை. ஆனாலும் தவிடு வறுத்தாள். நான் அதுகூடச் செய்யவில்லை.

ஆஸ்பத்திரியில் முதலில் பார்த்த டாக்டர் அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டு, ஒரு ஊசியும் மாத்திரையும் எழுதப் போனார். என்னுடைய சந்தேகக் குணம் உருப்படியாக ஒரு வேலை செய்தது என்றால் அன்றைக்குத்தான். “இது முள்ளு இல்ல டாக்டர், மெஷின் எண்ணெய் உள்ள போயிருக்கு. பெரிய டாக்டரக் கூப்புடுங்க, நான் இந்த எடத்த விட்டு நகர மாட்டேன்” என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். சர்ஜன் வந்தார். எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று கேட்டார், சொன்னோம். அதன் பிறகு அவர் எங்களோடு பேசவில்லை, நர்சுகளோடுதான் பேசினார். விரலிலிருந்து உள்ளங்கை வரை கீறி எண்ணெயையும் கெட்ட சதையையும் எடுத்தார்கள். கை பிழைத்தது. ஆனால் இரண்டு நாள் கழித்து, ஆள்காட்டி விரலின் மேல் இரண்டு கணுவையும் எடுக்க வேண்டியதாயிற்று.

வண்டியைச் சரி செய்ய அரை நாள்கூட ஆகவில்லை. மெக்கானிக் தேய்ந்த குழாயைக் கழற்றி, அதே அளவில் புதிது செய்து போட்டு, ரப்பர் வைத்த புதுக் கிளாம்பால் இறுக்கினார். எண்ணெய் நிரப்பி, பக்கெட்டை நாலைந்து தரம் ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றினார். அடித்தட்டைக் கழுவி மாட்டினார். அவர் கழற்றிய பழைய குழாயைக் காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. இரண்டரை மாதம் வண்டி அப்படியே நின்றது. வேறு ஆள் போடச் சொல்லி வீட்டுக்காரரும் சொல்லவில்லை, நானும் தேடவில்லை. கடைசியில் அவனே வந்துதான் எடுத்தான். குப்பத்தில் அவன் பேர் கெடவில்லை. கெட வேண்டிய பேர் எதுவோ அது கொஞ்சம் கெட்டது, அது நியாயம்தான்.

அதற்கெல்லாம் முன்னால், விரலை எடுத்த மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அவன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மனைவி இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள். “ஏம்பா, மெஷின்ல குத்துச்சுன்னு அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?” என்றேன்.

“ரப்பர் தேஞ்சா குழாய்க்குள்ள இருக்கற கம்பி நூலு வெளிய நீட்டிக்கிட்டிருக்கும்மா, அதான் குத்திடுச்சுன்னு நெனச்சேன். மெஷின்லன்னு சொன்னா, திருட்டுக்குப் பயந்து நாடகம் போடறான்னு சொல்வீங்க. சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?”

பொய் ஒன்று வாய் வரைக்கும் வந்தது. அவன் மனைவி இட்லியைப் பிட்ட கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

“மாட்டேன்” என்றேன்.

“அதாம்மா கெளுத்தின்னேன். கெளுத்தின்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.” லேசாகச் சிரித்தான். “நீங்க அதயும் நம்பல.”

நம்பவில்லைதான். ஆறு வருஷத்தில் அவன் என்னிடம் சொன்ன ஒரே பொய் அது, அதை மட்டும் சரியாகக் கண்டுபிடித்துவிட்டேன். மீட்டரைப் பார்த்தேன், கயிற்றைப் பார்த்தேன், கேட் வரைக்கும் போய் மண்ணில் தடம் பார்த்தேன். எதிரில் நின்றவனிடம் அந்தத் துணிக்கட்டை அவிழ்த்துக் காட்டு என்று மட்டும் கேட்கவில்லை.